ஒரு சாண் பெட்டி

பீ... என்று நீளமாக ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் பீ... அதே நீளம், அதே இடைவெளி. கண்ணைத் திறக்காமலே அமலோற்பவத்துக்குத் தெரிந்துவிட்டது, கம்ப்யூட்டருக்குள் ராம் என்கிற மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை. கழற்றி, அதன் மஞ்சள் பல்வரிசையை ரப்பர் வைத்துத் தேய்த்து, ஊதி, திரும்ப வைத்து, இரண்டு ஓரமும் டக், டக் என்று சொல்லும்வரை அமுக்கினால் வாயை மூடிக்கொள்ளும். ரப்பர் மேஜை டிராயரில்தான் கிடக்கும், வெளியே எத்தனை லாரி நிற்கிறதோ என்று எழப்போனவளுக்குக் காலடியில் உப்பு நரநரக்கவில்லை. தரை வழுவழுவென்று சில்லிட்டது. கண்ணைத் திறந்தாள். எடைமேடைக் கொட்டகை இல்லை, கம்ப்யூட்டர் கடை. மணி பதினொன்று இருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தூத்துக்குடி வெயில் ரோட்டை வெளுத்துக்கொண்டிருந்தது. உப்பளக் கம்பெனியின் லாரி எடைமேடையில் ராத்திரி பத்துக்கு உட்கார்ந்து ஆறுக்கு எழுந்து, வீட்டுக்கு வந்து, உப்புத் தூசியில் அட்டை மாதிரி விறைத்துப்போன யூனிபார்ம் சேலையை வாளியில் ஊறப்போட்டு, அதைக் கசக்கக்கூட விடாமல் அண்ணன் சவரிமுத்து ஸ்கூட்டரை எடுத்துவிட்டான். "வாட்டி, கடை தொறந்த உடனே போனாத்தான் ஒழுங்கா காட்டுவான். பொறவு கூட்டம் வந்துரும்." வந்தாயிற்று. கூட்டம் ஒன்றும் வரவில்லை. அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள், வாய் திறந்திருந்ததோ என்னவோ. பதிமூன்று வருஷமாகப் பகலில் எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் தூங்கிவிடுகிற உடம்பு இது. கல்யாண வீட்டுப் பந்தியில், பூசையில் பிரசங்கத்துக்கு நடுவில், ஒருதரம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும்போது. எல்லோருக்கும் விடிகிறது, அவளுக்கு மட்டும் ஏதோ ஒரு கதவு மூடுகிறது, மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும். இனிமேல் ஆட்டப்போவதில்லை. அதற்குத்தான் இந்தக் கடை.

எதிரே மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தன. ஒன்று பெரிய திரை, சுவரில் மாட்டின படம் மாதிரி அகலமாக, வெள்ளையாக, கம்ப்யூட்டர் முழுக்க அந்தத் திரையின் முதுகுக்குள்ளேயே இருக்கிறது, ஆல் இன் ஒன் என்று பெயர். ஒரே ஒயர், ஒரே பிளக். பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. நீளம் ஒரு சாண், அகலம் ஒரு சாண், தடிமன் மூன்று விரல். அதுவும் முழுக் கம்ப்யூட்டர்தான், திரையை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மாப்பிள்ளை மாதிரியும் இன்னொன்று மாப்பிள்ளையின் செருப்பு வைக்கிற டப்பா மாதிரியும்தான் இருந்தது. சவரிமுத்து மாப்பிள்ளைக்கு முன்னால் கைகட்டி நின்றான். கடைக்காரன் ஐசக், கழுத்தில் அட்டை தொங்க, "அண்ணாச்சி, இதுல சினிமா பாத்தீங்கன்னா தியேட்டர் பிச்சை வாங்கணும்" என்றான். "அப்படியா, அப்படியா" என்று அண்ணன் சிரித்தான். வாங்கப்போவது சினிமா பார்க்க இல்லை என்பதை அண்ணன் இன்னும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வெள்ளைத் திரை அணைந்திருந்தபோது அதில் தன் முகம் தெரிந்தது, நாற்பத்தேழு வயது, உதட்டோரம் உப்பு வெளுப்பு, நாக்கால் தொட்டால் இன்னும் கரிக்கும். அழகான கண்ணாடி. பொய் சொல்லக்கூடாது, பிடித்துத்தான் இருந்தது. முதல் பார்வையில் கை தானாக நீண்டது. வீட்டு ஹாலில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. மதினி ரெஜினா ஒரு வாரமாக லேஸ் வைத்து உறை தைத்து முடித்துவிட்டாள், அளவு எடுக்கப் பக்கத்து வீட்டு டிவியைப் போய் அளந்துவிட்டு வந்தாள். வாங்காத சாமானுக்குத் தைத்த உறை கட்டிலில் விரித்துக் கிடக்கிறது. பாவம் மதினி, கெட்ட மனசு கிடையாது, ஓரம் எல்லாம் சின்னச் சின்ன மீன் போட்டிருக்கிறாள். கெட்ட மனசுக்காரர்களை எதிர்த்துக்கொண்டு நிற்பது சுலபம். மீன் போட்டுத் தைக்கிறவர்களை என்ன செய்வது?

பீ... உள்ளே, கடையின் பின்பக்கம் ரிப்பேர் பார்க்கிற அறையில், இன்னும் கத்திக்கொண்டிருந்தது. யாரோ திருப்புளியைக் கீழே போட்டார்கள். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டது எடைமேடையில்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது, பதினேழு லாரி, மழைக்கு முன்னால் உப்பை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் பறக்கிறார்கள், எடைமேடைக் கம்ப்யூட்டர் கறுப்பாக நின்றுகொண்டு பீ பீ என்கிறது. சர்வீஸ் நம்பர் அடித்தால் மணி போகிறது, போகிறது, ராத்திரியில் எந்த சர்வீஸ்காரன் எடுப்பான். டிரைவர்கள் கொட்டகை வாசலில் வந்து நின்று, "யக்கா, என்ன, பெட்டி அழுவுதா, பால் குடுங்க" என்று சிரிக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் டூல்ஸ் பையை நீட்டினான். திறந்தாள். உள்ளே ஒன்றும் புரியவில்லை, ஒரு ஊரை ஆகாயத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது, தெரு, வீடு, தண்ணீர்த் தொட்டி. எல்லாவற்றின் மேலும் உப்புக் காற்றின் வெள்ளைப் பொருக்கு. எது அசைகிறதோ அதை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், கழற்றின வரிசையிலேயே துண்டின் மேல் அடுக்கினாள், பெருக்குமாற்றுக் குச்சியால் சுரண்டினாள், பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினாள், ரப்பரால் தேய்த்தாள். ரப்பர் எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதினால் அதைத்தானே எடுப்போம். வந்துவிட்டது. அந்தத் திரையில் வெளிச்சம் வந்த நிமிஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவாள். அப்புறம் மதுரையிலிருந்து சர்வீஸ்காரர்கள் வந்து, இதை யார் திறந்தது என்று கோபமாகக் கேட்டு, பிறகு கோபம் இல்லாமல் கேட்டு, பிறகு மற்ற எடைமேடைக்காரர்களிடம் அவள் நம்பரைக் கொடுத்து, "அந்த அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்து, இப்போது, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து, வேலையாகவே தருகிறார்கள். பகல் வேலை. வீட்டிலிருந்தபடி. இருபத்திரண்டு எடைமேடை. எது படுத்தாலும் அவள் தன் கம்ப்யூட்டர் வழியாக அதற்குள் போய்ப் பார்த்து எழுப்பிவிட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனைதான். அத்தனை மேடையின் சாவியும், பாஸ்வேர்டு எல்லாம், அந்த மிஷினில் இருக்கும், ஆகவே வேறு ஒருத்தர் கை அதில் படக்கூடாது. பட்டது தெரிந்தால் வேலை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஜெரின்தானட்டி தொடப்போறான், வேற யாரு, அன்னியமா?" என்றான். அண்ணன் மகன் ஜெரின் ஒரு போனைக் கையில் வாங்கினால் அஞ்சு நிமிஷத்தில் அதில் ஏழு விளையாட்டு இருக்கும். ஹாலில் இருந்தால் எல்லாரும் தொடுவார்கள். ஹாலில் இருப்பதற்கு அர்த்தமே அதுதான். அவளையும் ஹாலில்தானே வைத்திருக்கிறார்கள், பகலில் அவள் தூங்குவது ஹால் மூலைக் கட்டிலில், டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவில், கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு.

"இவ எடைமேடையில இருக்கா, தெரியும்லா" என்று சவரிமுத்து ஐசக்கிடம் ஆரம்பித்துவிட்டான். வருகிறது, அந்தக் கதை வருகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சேந்த புதுசுல என்ன செஞ்சா தெரியுமா? லாரியக் காலியா எடை போடணும், பொறவு உப்பு ஏத்திட்டு எடை போடணும், அதக் கழிச்சா உப்பு. அவ்வளவுதான் வேல. இவ காலி வண்டிய டிரைவரும் கிளீனரும் உள்ள உக்காந்திருக்க எடை போட்டுட்டா. உப்பு ஏத்திட்டு வரும்போது ரெண்டு பேரும் கீழ நிக்கான். எங்க போச்சு நூத்திமுப்பது கிலோ உப்பு? மொதலாளி கேக்கான், இவ முழிக்கா. நான்லா போய் நின்னேன். நான் போகலன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்." ஐசக் மரியாதைக்குச் சிரித்தான். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வந்து நின்றான். கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து, முதலாளி முன்னால். சட்டைக் காலர் பின்னால் கிழிந்திருந்தது, குனிந்தபோது தெரிந்தது. அந்தக் காலரை அவள் மறக்கவில்லை, ஒருநாளும் மறக்கமாட்டாள், ஆனால் ஒரு காலரை எத்தனை வருஷத்துக்குத்தான் பார்த்துக்கொண்டே இருப்பது? அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஜன்னலில் தலையை நீட்டி, "டிரைவர் எறங்கு" என்று கத்துகிறாள். ஒரு ராத்திரிக்கு எழுபது தடவை. தூக்கத்திலும் கத்துவதாக மதினி சொல்கிறாள். டிரைவர் எறங்கு, கிளீனர் எறங்கு. ஆள் வேறு, வண்டி வேறு. ஆளையும் சேர்த்து வண்டி என்று எழுதிவிட்டால் அந்த ஆளின் கனம் எங்கேயோ காணாமல் போய்விடும், யாரும் தேடவும் மாட்டார்கள், கழித்துக் கழித்துக் கடைசியில் உப்புத்தான் குறையும். கணவன் வீட்டிலிருந்து பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தபோது அண்ணன் அதைத் தானே இறக்கி உள்ளே வைத்தான், ஒன்றும் கேட்கவில்லை. அதிலிருந்து அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், வீட்டோடு சேர்த்து, வீட்டு எடையில். விருந்தாளி வந்தால், "நாங்க நாலு பேரு" என்று அண்ணன் சொல்லும்போது அவள் எண்ணிப் பார்ப்பாள். அண்ணன், மதினி, ஜெரின், ஜெரினுடைய அக்கா. சரியாக நாலு. வேண்டுமென்று சொல்வதில்லை. அதுதான். வேண்டுமென்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவள் இறங்கினால் என்ன? இறங்கி எங்கே போவது? மூன்றாவது மைலில் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் மாடியில் ஒரு அறை இருக்கிறது. போன மாதம் சும்மா பார்த்துவிட்டு வந்தாள், சும்மாதான். ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, பிளக் பாயிண்ட் எத்தனை என்று எண்ணினாள், மூன்று. போகப் போகிறாளா, தெரியாது. தனியாக ஒரு அறையில் காய்ச்சல் வந்து கிடந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது, செத்துக் கிடந்தால் இருபத்திரண்டு எடைமேடைக்காரர்களும் போன் அடித்து அடித்து, "அந்த அம்மா எடுக்கல" என்று மதுரைக்குப் புகார் சொல்வார்கள், அப்போதுதான் தெரியவரும். நினைத்தபோது சிரிப்பும் வந்தது, முதுகுத்தண்டில் ஏசி குளிரும் ஏறியது. இந்த வெள்ளைத் திரையை அந்த மாடிப்படியில் எப்படி ஏற்றுவது? ஒரு கையால் தூக்க முடியாது, இரண்டு ஆள் வேண்டும், இரண்டு ஆள் என்றால் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். கறுப்புப் பெட்டி அவளுடைய சாப்பாட்டுப் பையில், டிபன் டப்பாவுக்கு மேல் படுத்துக்கொள்ளும். திரைக்குக்கூடக் கவலை இல்லை. எடைமேடையில் கழித்துப்போட்ட பழைய திரை, ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது, முதலாளி எடுத்துக்கொள் என்று கொடுத்தது, அவள் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. போகவே வேண்டாம், அண்ணன் வீட்டிலேயே கிடந்து சாகலாம், ஆனால் போகலாம் என்று இருக்க வேண்டும். தூக்க முடிகிற சாமானாக இருக்க வேண்டும். இதை எந்தப் பாஷையில் அண்ணனிடம் சொல்வது? அண்ணே, நான் போகமாட்டேன், ஆனா போற மாதிரி ஒண்ணு வாங்கிக்கிடுதேன் என்றா?

"அப்ப பெருசையே போட்டுருங்க" என்று சவரிமுத்து சொன்னான். ஐசக் பேனாவை எடுத்தான். பீ... உள்ளே. எழுந்து நின்றாள், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே, "தம்பி, இதத் தொறக்க முடியுமா?" என்று கேட்டாள். "எதக்கா?" "இந்தப் பெருசு. முதுகு." "அதெல்லாம் ஒட்டி வருதுக்கா. நம்ம தொறக்கக்கூடாது. கம்பெனி ஆள் வருவான்." "எத்தன நாளுல?" "ஒரு வாரம், பத்து நாள்... அடிக்கடி ஒண்ணும் போவாதுக்கா." "உப்புக் காத்துல போவும்" என்றாள். "போச்சுன்னா திரையும் சேத்துல்லா போவும்?" "ஆமா, சேத்துத்தான் கொண்டுபோவான்." பத்து நாள். இருபத்திரண்டு மேடை. அதற்குள்ளே இருந்து டிரைவரைத் தனியாக இறக்க முடியாது, ஒட்டிவிட்டார்கள். "இது?" ஐசக் கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். பின்னால் ஒரே ஒரு திருகு. "இத ஒண்ணக் கழட்டினா மூடி அப்படியே வழுக்கி வந்துரும்." ஒரே ஒரு திருகு! அவள் கட்டைவிரல் தானாக அதன் மேல் போய் நின்றது. "ஏட்டி, வீட்டுல என்ன பட்டறையா வைக்கப்போற?" என்று அண்ணன் சிரித்தான். "பெரிய இன்ஜினியரு. நூத்திமுப்பது கிலோ உப்பத் தொலைச்சவ." பீ... என்றது. அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது, அண்ணன் மேல் இல்லை, அந்தச் சத்தத்தின் மேல், அரை மணி நேரமாகக் கதறுகிறது, ஒருத்தனுக்கும் காது இல்லையா? பின்பக்கத் திரைச்சீலையைப் பார்த்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துகிற அதே தொண்டையால், "ராம்மக் கழட்டி ரப்பர் போட்டுத் தேயுங்க!" என்று கத்தினாள்.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் வாய் பாதி சிரிப்பில் நின்றது. உள்ளே சத்தம் நின்றது, ஏதோ உரசுகிற ஓசை, ஊதுகிற ஓசை, டக், பிறகு இன்னொரு டக். நீண்ட பீ வரவில்லை. ஒரே ஒரு குட்டிச் சத்தம், பீப், சரி என்று தலையாட்டுகிற மாதிரி. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தலையை நீட்டினார். "யாரு சொன்னது?" ஐசக் அவளைக் காட்டினான். அவர் அவளையும், உப்பில் வெடித்த அவள் விரல் நுனிகளையும் பார்த்தார். "நான் போர்டு போச்சுன்னு எழுதி வச்சுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. ஆனால் அவளுக்குக் கால் தரையில் அழுத்தமாக ஊன்றியிருப்பது தெரிந்தது, மேடையில் ஏறி நின்று முள் அசையாமல் நிற்கிற மாதிரி. "தம்பி, சின்னதப் போடுங்க" என்றாள். "அமலி" என்றான் அண்ணன், குரலை இறக்கி. "ஹாலுக்கு அசிங்கமா இருக்கும்ட்டி. ரெஜினா உறையெல்லாம் தச்சு வச்சிருக்கா." "ஹாலுக்கு இல்லண்ணே." "பின்ன?" "மூலையில என் கட்டில்கிட்ட, எனக்கு மட்டும். ஜெரின் தொடக்கூடாது. நீங்களும் தொடக்கூடாது." "நாங்க என்ன கள்ளனா?" "இல்ல. நீங்க அன்னைக்கு வந்து நின்னத நான் மறக்கல. ஆனா அந்தக் கதைய இனிமே கடையில சொல்லாதீங்க." சவரிமுத்து அவளைப் பார்த்தான், வேறு யாரோ அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி. கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை, அவன் முகத்தில் வந்தது வேறு ஏதோ, காலர் கிழிந்தவனின் முகம். "ஒன் துட்டு, ஒன் இஷ்டம்" என்றான். "நீயே தூக்கிட்டு வா." கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது, ஸ்கூட்டர் இரண்டு தடவை உதைத்த பிறகு கிளம்பியது. கூப்பிடலாமா? ஒரு நிமிஷம் கூப்பிடத் தோன்றியது. கூப்பிடவில்லை. தூக்கிட்டு வா என்கிறாயே, தூக்க முடிகிறது, அதற்குத்தானே இவ்வளவும்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கிலோ சொச்சம் இருக்கும், கை சொன்னது, பதிமூன்று வருஷத்தில் கைக்கும் எடை தெரியும். ஜன்னல் காற்று சுட்டது. தூக்கம் வந்தது, தூங்கவில்லை, தூங்கினால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், இவ்வளவு சுலபமாகத் தூக்குகிற சாமானைத் திருடனும் சுலபமாகத் தூக்குவான், அது ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம், பூட்டு வாங்கலாம். வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. மதினி கதவைத் திறந்து, அவள் கையைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். "இவ்வளவுதானா?" "இவ்வளவுதான் மதினி." "அப்ப அந்த உறை?" "கட்டிலுக்கு அடியில ஒரு பழைய திரை இருக்கு. அதுக்குப் போடலாம். கொஞ்சம் லூசா இருக்கும்." "கட்டிலுக்கு அடியிலயா? எப்பருந்து?" என்று கேட்டபடி மதினி நின்றாள். பிறகு உறையை எடுத்து நாலாக மடித்து, கோபமாகவா இல்லையா என்று தெரியாத ஒரு விதமாக, கட்டில்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினான். கூட்டட்டும். பெட்டியைத் தலையணைப் பக்கம் வைத்து, மேலே தன் துண்டைப் போட்டாள். எடுத்தாள். மூடிவைக்க இதில் என்ன இருக்கிறது. திறந்தபடியே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். வாளியில் சேலை அப்படியே கிடந்தது, தண்ணீர் கலங்கி, அடியில் உப்பு இறங்கியிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையிலிருந்து தொடங்கிக் கசக்கலானாள்.